மன்றத்திலிருந்து சன்னதிக்கு

கிழக்குத் திருச்சியின் கதை – 14

சென்ற பகுதியை 1752 ஏப்ரலில் நிறுத்தியிருந்தோம். பிரெஞ்சுப் படை காவிரியைத் தாண்டித் திருவரங்கத் தீவுக்குள் ஒதுங்கிக்கொண்டது. அவர்கள் காவல் வைத்துவிட்டுப் போன திருவெறும்பூர் மலையை ஆங்கிலேயக் கேப்டன் டால்டன் பிடித்தார். அந்தப் போரை எழுதிய ராபர்ட் ஓர்ம் இந்த மலைக்கு ‘எலிமிசேரம்’ என்று பெயர் போட்டிருக்கிறார். எறும்பீசுவரம் என்று இங்குள்ளவர்கள் சொன்னது வெள்ளைக்காரச் செவியில் விழுந்து அப்படி ஆயிற்று. அப்பர் இரண்டு பதிகம் பாடிய எறும்பியூர், லண்டனில் அச்சான புத்தகத்தில் அடையாளம் தெரியாமல் நிற்கிறது.

இந்தப் பகுதியில் எதிர்த்திசையில் போவோம். அதே கடல் வழியாக மேற்கிலிருந்து இந்த மண்ணுக்கு வந்த சொற்களைப் பற்றியது இது. வணிகச் சொற்களையும் படைச் சொற்களையும் முன்பே பார்த்துவிட்டோம். இப்போது பேச்சைக் குறிக்கும் சொற்களும் வேண்டுதலைக் குறிக்கும் சொற்களும். இவை இரண்டும் ஒரே குடும்பம் என்பதுதான் இந்தப் பகுதியின் செய்தி.

திருவெறும்பூர்த் தலபுராணத்திலிருந்தே தொடங்கலாம். தாரகாசுரனின் தொல்லை பொறுக்கமாட்டாமல் தேவர்கள் பிரமனிடம் போகிறார்கள். பிரமன் இந்த மலையைக் காட்டி அனுப்புகிறான். அசுரன் கண்ணில் படாமல் இருக்க அவர்கள் எறும்பாகி வந்து சிவனை வழிபடுகிறார்கள். லிங்கத்தின்மேல் ஏற முடியாமல் வழுக்குகிறது. இறைவன் புற்றாக மாறி, ஒரு பக்கம் சாய்ந்து கொடுக்கிறார். இன்றும் மூலவர் புற்று வடிவில் சாய்ந்துதான் இருக்கிறார்.

இதைப் பக்திக் கதையாக மட்டும் படித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் கதையின் எலும்புக்கூட்டைப் பாருங்கள். ஒருவனால் பாதிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். முதலில் ஓரிடத்துக்குப் போகிறார்கள். அங்கே முடியாது, மேலிடத்துக்குப் போ என்று அனுப்பப்படுகிறார்கள். மேலிடத்தில் இருப்பவர் செவி சாய்க்கிறார். நம் ஊர்க்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் சொல் முறையிடுதல். முறை என்றால் நீதி. ஆராய்ச்சி மணியை அடித்த பசுவும் மனுநீதிச் சோழனிடம் முறையிட்டதாகத்தான் சொல்கிறோம். முன்சீப் கோர்ட்டில் தோற்றவர் மேல்கோர்ட்டுக்குப் போவதற்கும் மேல்முறையீடு என்றுதான் பெயர். சன்னதி, அரண்மனை, கோர்ட் மூன்றுக்கும் ஒரே சொல்.

கடவுளிடம் பேச மனிதன் தனியாக ஒரு மொழியை உண்டாக்கிக்கொள்ளவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. அதிகாரத்தின் முன் நின்று தன் வழக்கைச் சொல்லப் பழகிய மொழியையே சன்னதிக்கும் எடுத்துப் போனான். காவிரிக்கரையில் நடந்தது இது. ரோமாபுரியிலும் இதேதான் நடந்தது. இரண்டும் சந்தித்த இடங்களில் ஒன்று நம் திருச்சிச் சீமை.

முதலில் ரோமாபுரிக்குப் போய் வருவோம்.

லத்தீனில் ‘ஓராரே’ என்று ஒரு வினைச்சொல் உண்டு. கிறித்தவம் பரவிய பிறகு அதற்குச் செபித்தல் என்பதே முதற்பொருள் ஆயிற்று. ஆனால் அந்தச் சொல்லின் பழைய வாழ்க்கை முழுக்க மன்றத்தில் கழிந்தது. கி.மு. 451–450-இல் தொகுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் பன்னிரண்டு பலகைச் சட்டம்தான் ரோமானியரின் முதல் எழுத்துச் சட்டம். அதன் முதல் பலகையிலேயே இந்தச் சொல் வருகிறது. வாதியும் பிரதிவாதியும் சமாதானமாகப் போனால் அதை வாய்விட்டு அறிவிக்க வேண்டும், இல்லையென்றால் முற்பகலுக்குள் பொதுமன்றத்தில் வழக்கை எடுத்துரைக்க வேண்டும் என்பது அங்கே சொல்லப்படும் விதி. ‘அறிவிக்க வேண்டும்’ என்ற இடத்தில் நிற்பது ஓராரே. கோயிலோ பூசாரியோ அங்கே இல்லை. இருப்பவர்கள் இரண்டு கட்சிக்காரர்கள். அவர்களைச் சுற்றி ஊர்.

அந்த வினையைச் செய்கிறவன் ‘ஓராத்தோர்’. ஓர் அரசின் சார்பாக இன்னோர் அரசிடம் பேசப் போகும் தூதனுக்கும் பழைய லத்தீனில் அதே பெயர். பிற்பாடு அது வழக்குரைப்பவனுக்கும் மேடையில் பேசுபவனுக்கும் நிலைத்தது. சிசரோ கி.மு. 55-இல் நாவன்மையைப் பற்றி எழுதிய நூலின் பெயரிலேயே இந்தச் சொல் இருக்கிறது. அவர் காலத்தில் ‘ஓராத்தியோ’ என்றால் சொற்பொழிவு. தேவர்களிடம் வேண்டுவதையும் அதே வினையால் சொன்னார்கள்தான். ஆனாலும் அந்தப் பெயர்ச்சொல்லைக் கேட்ட ரோமானியனின் மனத்தில் எழுந்தது டோகாவைத் தோளில் போட்டுக்கொண்டு மன்றத்தில் நின்று பேசும் ஆள்தான்.

பிறகு ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகள் கழித்து, வடஆப்பிரிக்கக் கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்தூலியன், இயேசு கற்பித்த செபத்தை விளக்கி ஒரு சிறு நூல் எழுதினார். தலைப்பில் அவர் வைத்த சொல் இதே ஓராத்தியோ. கி.பி. 252-ஐ ஒட்டி அதே நகரத்து ஆயர் சிப்பிரியானும் அதே செபத்துக்கு விளக்கம் எழுதினார். அவரும் இதே சொல்லைத்தான் ஆண்டார். தெர்த்தூலியனின் எழுத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும், அது வாதம் செய்து பழகிய கை. எதிர்க்கட்சியை மடக்கும் நடை. அப்படிப்பட்டவர் கைவழியாக மன்றத்துச் சொல் செபத்துக்கு வந்தது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

ஓராரேக்கும் வாயைக் குறிக்கும் ‘ஓஸ்’ என்ற சொல்லுக்கும் உறவு உண்டு என்று பழைய ரோமானியர்கள் நம்பினார்கள். ஓசை ஒற்றுமை அப்படி. இன்றைய மொழியியலாளர்கள் பலர் இதை ஒப்புவதில்லை. வேண்டுதலையும் சாபத்தையும் ஒருசேரக் குறித்த ஒரு கிரேக்கச் சொல்லின் பக்கம் கை காட்டுகிறார்கள். ஆனால் இரண்டு வேரிலிருந்தும் ஆங்கிலத்துக்கு ஒரு கூட்டமே போய்ச் சேர்ந்தது. வாயிலிருந்து ‘ஓரல்’. வழக்குரைத்தலிலிருந்து ‘ஆரேட்டர்’, ‘ஒரேஷன்’. தெய்வம் பதில் சொல்லும் இடம் ‘ஆரக்கிள்’. ஒருவரை நோக்கிப் பேசுவது ‘அடோர்’. வழிபாட்டின் உச்சியில் வைக்கும் இந்தச் சொல்லுக்குள் இருப்பது முகம் பார்த்துப் பேசும் செயல். எத்தனை கெஞ்சினாலும் மசியாதவரைக் குறிப்பது ‘இனெக்சரபிள்’. ரோமில் பிலிப் நேரி நடத்திய செபக்கூடத்தில் பிறந்த இசை வடிவம் ‘ஆரட்டோரியோ’.

‘ப்ரேயர்’ வேறு கிளை. கெஞ்சிக் கேட்டல் என்ற பொருளுள்ள ‘பிரேகாரி’ என்னும் லத்தீன் வினை பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதற்கு ஓர் உடன்பிறப்பு உண்டு, ‘ப்ரிகேரியஸ்’. எப்போது கவிழும் என்று தெரியாத நிலையைச் சொல்ல ஆங்கிலப் பத்திரிகைகள் ஆளும் சொல். ரோமானியச் சட்டத்தில் அதற்கு நேரான பொருள் இருந்தது. இன்னொருவரிடம் கெஞ்சிக் கேட்டு, அவர் மனம் இருக்கும்வரை அனுபவித்துக்கொள்ளும் நிலம். உடையவர் எழுந்திரு என்றால் எழுந்திருக்க வேண்டும். டெல்டாவில் வாய்வார்த்தையை நம்பி உழுதவர்களுக்கு இந்தச் சொல்லின் கனம் யாரும் விளக்காமலே தெரியும்.

பிரெஞ்சுக்காரர் வருமுன் ஆங்கிலேயனுக்குச் சொந்தச் சொல் இல்லாமலா இருந்தது? இருந்தது. ‘பீட்’ என்றால் செபம். செபத்தை எண்ணுவதற்குக் கயிற்றில் கோத்த உருண்டையைத் தொட்டுத் தொட்டுச் சொன்னார்கள். நாளடைவில் செபம் போய், உருண்டைக்கே அந்தப் பெயர் நின்றுவிட்டது. செபமாலை மணியைக் கையில் வைத்திருக்கும் ஆங்கிலேயன் தன் பாட்டன் வைத்திருந்த செபச்சொல்லைத்தான் தொடுகிறான்.

இனிக் கடலைத் தாண்டுவோம்.

1542-இல் பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. துறைமுகத்துத் தமிழர் சிலரை உட்காரவைத்து, செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனார். 1544-இல் தன் உதவியாளர் பிரான்சிஸ்கோ மான்சிலாசுக்கு அவர் எழுதிய கடிதம் ஒன்று தமிழ் உரைநடை வரலாற்றில் நிற்க வேண்டிய ஆவணம். விசுவாசப் பிரமாணத்தில் இதுவரை ‘வேணும்’ என்று சொல்லிவந்தோம், இனி அதை விட்டுவிட்டு ‘விசுவாசம்’ என்ற சொல்லைப் போடுங்கள் என்று அதில் சொல்கிறார். காரணமும் தருகிறார்: ‘வேணும்’ என்றால் விரும்புகிறேன் என்று பொருள், கடவுளை விரும்புகிறேன் என்பதைவிட நம்புகிறேன் என்பதே சரி. அதே கடிதத்தில் ‘வன்பினாலே’ என்ற சொல்லையும் நீக்கச் சொல்கிறார். கிறிஸ்து பாடுபட்டது தம் விருப்பத்தால், யாருடைய பலவந்தத்தாலும் இல்லை என்பதற்காக.

மொழி தெரியாத ஒருவர், தெரியாத மொழியின் இரண்டு சொற்களுக்கு நடுவே இவ்வளவு கவலைப்பட்டிருக்கிறார் என்பதை நினைக்கும்போது எனக்கு மரியாதை கூடுகிறது. அவர் செய்த திருத்தம் சரி. ஆனால் வெளியே அனுப்பிய ‘வேணும்’ எங்கும் போய்விடவில்லை. நம்பிக்கையை அறிக்கையிடும் இடத்திலிருந்து எழுந்து, கேட்கும் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. வேண்டுதல், வேண்டிக்கொள்ளுதல், வேண்டுகோள் எல்லாம் அதன் பிள்ளைகள். சமயபுரத்துக்கு நடந்து போகிறவரும் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவரும் சொல்வது ஒன்றே: “ஒரு வேண்டுதல்.” புனிதர்கள் பிரார்த்தனையில் ஒவ்வொரு புனிதரின் பெயருக்குப் பின்னும் லத்தீனில் வந்த ‘ஓரா’ என்ற ஏவலுக்குத் தமிழில் நிற்பதும் வேண்டிக்கொள்ளும் என்பதுதான்.

சவேரியாருக்குப் பின் வந்த அன்றீக்கே அன்றீக்கசு தமிழை முறையாகக் கற்றார். 1578 அக்டோபர் 20-இல் கொல்லத்தில் அச்சான பதினாறு பக்கத் தம்பிரான் வணக்கம் அவருடையது. இந்திய மொழி ஒன்றில், அதன் சொந்த எழுத்தில் இந்திய மண்ணில் அச்சேறிய முதல் நூல் என்று கொண்டாடுகிறோம். அக்காலக் கிறித்தவத் தமிழில் போர்த்துகீசியச் சொற்கள் அப்படியே கலந்து கிடந்தன. பூசைக்கு ‘மிசா’, தூய ஆவிக்கு ‘இஸ்பிரீத்து சாந்து’. கடற்கரையில் அது செல்லுபடியானது. போர்த்துகீசியக் கப்பலைப் பார்த்தே இராத உள்நாட்டு ஊர்களில் செல்லவில்லை.

1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி அதை மாற்றினார். பூசை, குரு, வேதம், பிரசாதம், கோயில் என்று இந்த மண்ணில் ஏற்கெனவே புழங்கிய சொற்களையே எடுத்துக்கொண்டார். அதற்காகக் கூட இருந்த பாதிரியாரே மேலிடத்துக்குப் புகார் எழுதினார். கோவாவில் விசாரணை நடந்தது. 1623 ஜனவரி 31-இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி நோபிலிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். அந்த ஆண்டே நோபிலி மதுரையை விட்டுப் புறப்பட்டு, சேலம், திருச்சிப் பக்கங்களுக்கு வந்தார். தம் வழக்கை அவர் தம் பேனாவாலேயே வாதாடினார். லத்தீனில் அவர் எழுதிய அந்த விளக்கங்களுக்கும் ஓராத்தியோ என்ற பெயர் தகும், சிசரோவின் பொருளில்.

அடுத்த நூற்றாண்டில் வந்தவர் வீரமாமுனிவர். 1680-இல் இத்தாலியின் காஸ்திலியோனேயில் பிறந்த ஜோசப் பெஸ்கி. கொள்ளிடத்தின் வடகரையில் அவர் தங்கிய ஏலாக்குறிச்சி இன்று அரியலூர் மாவட்டம். அந்நாளைய கணக்கில் அது நம் சீமை. கொடுந்தமிழுக்கு, அதாவது பேச்சுத் தமிழுக்கு, 1728-இல் லத்தீனில் ஓர் இலக்கணம் எழுதினார். தரங்கம்பாடி லூத்தரன் அச்சுக்கூடம் 1738-இல் அதை அச்சிட்டது. பெஸ்கியின் கத்தோலிக்கச் சபையாருக்கும் லூத்தரன் சபையாருக்கும் அன்று ஏழாம் பொருத்தம். பெஸ்கி லூத்தரன்களைக் கண்டித்துத் தனி நூல்களே எழுதியவர். ஆனாலும் தமிழ் கற்க அவருடைய புத்தகம் இல்லாமல் முடியாது என்று எதிர்முகாமுக்குத் தெரிந்திருந்தது. செந்தமிழுக்கும் அவர் லத்தீனில் இலக்கணம் எழுதினார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் ஆக்கினார். 1732-இல் சதுரகராதியைத் தொகுத்தார். ரோமின் மன்றத்தில் வளர்ந்த மொழி தமிழின் வேற்றுமை உருபுகளை விளக்கும் கருவியானது இப்படித்தான். 1741-இல் மராத்தியர் திருச்சிக் கோட்டையைப் பிடித்து சந்தா சாகிபைக் கைதியாகக் கொண்டுபோன பிறகு, பெஸ்கி இந்தப் பக்கத்தை விட்டுத் தெற்கே போய்விட்டார். 1747-இல் அம்பலக்காட்டில் இறந்தார்.

சரி, அவர்கள் எல்லாரும் வந்து சேர்ந்தபோது காவிரிக்கரையில் ஏற்கெனவே என்ன இருந்தது? இதற்குத் திருவரங்கத்துக்குத்தான் போக வேண்டும்.

வைகுண்ட ஏகாதசியை ஒட்டிய பகல்பத்து, இராப்பத்து நாட்களில் அரையர் சேவையைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மறக்காது. கூம்பு வடிவக் குல்லாய், தோளில் பெருமாள் மாலை, கையில் தாளம். நம்பெருமாளுக்கு நேரே நின்று, பாசுரத்தை இசையோடு சொல்லி, அபிநயம் பிடித்து, வியாக்கியானமும் சொல்வார்கள். நாதமுனிகள் தம் மருமக்கள் இருவருக்குக் கற்றுக்கொடுத்து ஏற்படுத்திய முறை என்பது சம்பிரதாயம். அரையர்களுக்குக் கோயில் வழக்கில் இன்னொரு பெயர் உண்டு: விண்ணப்பம் செய்வார். பாசுரத்தை அவர்கள் பாடுகிறார்கள் என்று சொல்வதில்லை, விண்ணப்பிக்கிறார்கள். தாலுகா ஆபீசில் சாதிச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுக்கும் அதே விண்ணப்பம்.

பெருமாள் தரப்பிலிருந்து அழைப்பு வந்தால் அதற்குப் பெயர் அருளப்பாடு. பெயர் சொல்லி அருளப்பாடு கூறியதும், அழைக்கப்பட்டவர் “நாயிந்தே” என்று குரல் கொடுத்து முன்னே வருவார். கீழிருந்து மேலே போவது விண்ணப்பம், மேலிருந்து கீழே வருவது அருளப்பாடு. வாய் இரண்டு பக்கமும் இருக்கிறது. லத்தீன்காரர்கள் இந்த இரண்டையும் ஒரே வேரால் சொன்னார்கள்; மனிதன் கேட்பது ஓராத்தியோ, தெய்வம் சொல்வது ஓராகுலும்.

இது கோயிலில் மட்டும் இருந்த ஏற்பாடு என்று எண்ணிவிடக் கூடாது. சோழர் கல்வெட்டுகளைப் படியுங்கள். ஓர் அதிகாரி விண்ணப்பம் செய்கிறார். அதன்மேல் அரசன் ஆணை பிறக்கிறது. அரசன் வாயால் சொன்னதைக் கேட்டுப் பதிவு செய்வதற்குத் திருவாய்க்கேள்வி என்று பெயர். அதை எழுதும் அதிகாரி திருமந்திர ஓலை. இங்கே மந்திரம் என்பது அரசனின் ரகசியச் சொல், மறைமொழி இல்லை. நம்மாழ்வாரின் நூலுக்குத் திருவாய்மொழி என்று பெயர். கோயிலும் தலைமைச் செயலகமும் ஒரே சொல்லகராதியைப் பகிர்ந்துகொண்டிருக்கின்றன. எது எதிலிருந்து வாங்கியது என்று பிரித்துக் காட்டுவது கடினம், பிரிக்க வேண்டிய தேவையும் எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பொதுமை சைவம், வைணவத்தோடு நின்றுவிடவும் இல்லை. சிவன் கோயிலில் தேவாரம் சொல்பவர் ஓதுவார். நத்தர்வலி தர்காவில் பாத்திஹா ஓதுகிறார்கள். பாடம் படிப்பதற்கும் தெய்வத்தின் முன் சொல்வதற்கும் ஓது என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

இப்போது திருச்சிக் கோர்ட் வளாகத்துக்கு வாருங்கள். ஒரு வழக்குரையைக் கையில் வாங்கிப் பாருங்கள். முதலில் வாதி, பிரதிவாதி முகவரிகள். அடுத்து வழக்கின் வரலாறு, வழக்கு மூலம் எழுந்த நாள், நீதிமன்ற எல்லை, கட்டணம். பிறகு சொத்து விவரத்துக்கு முன்னால், பக்கத்தின் கீழ்ப்பாதியில் அ, ஆ, இ என்று பிரித்து, வாதி கோருவது என்ன என்று இருக்கும். ஆங்கிலத்தில் அந்தப் பகுதிக்குப் பெயர் ‘ப்ரேயர்’. வக்கீல்கள் தமிழிலும் அப்படியேதான் சொல்கிறார்கள். ஜூனியரைப் பார்த்து சீனியர், “பிரேயர்ல செலவுத்தொகை கேட்டிருக்கியா?” என்பார். தமிழில் எழுதினால் அந்த இடத்தில் ‘பிரார்த்திக்கிறேன்’ என்றோ ‘வேண்டிக்கொள்கிறேன்’ என்றோ வரும். கோராத பரிகாரத்தைச் சாதாரணமாகக் கோர்ட் தானாகக் கொடுக்காது என்பதால், அனுபவமுள்ள வக்கீல் முதலில் படிப்பது அந்தப் பகுதியைத்தான். போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்கும் பிராதும் இதே இனம். பாரசீகத்தில் ‘ஃபரியாத்’ என்றால் அபயக் குரல். நவாபுகளின் கச்சேரி வழியாக வந்து தமிழில் பிராது ஆயிற்று.

ஆக, சொல் வேறு என்றாலும், பன்னிரண்டு பலகையில் கட்சிக்காரனிடம் தொடங்கி சர்ச்சுக்குள் போன வேண்டுதல், ஆங்கிலேயன் கோர்ட் வழியாகத் திரும்பவும் கட்சிக்காரனிடமே வந்து சேர்ந்திருக்கிறது.

சீர்திருத்தச் சபையாரைப் பற்றி இரண்டு சொல். ஜெர்மானியரான சுவார்ட்ஸ் பாதிரியார் 1762-இல் திருச்சிக்கு வந்தார். கோட்டைக்குள் அவர் எழுப்பிய கிறிஸ்து ஆலயம் 1766-ஐச் சேர்ந்தது. அவர்கள் தமிழில் ஜெபம் என்ற சொல்லே ஊன்றியது. 1826 ஏப்ரல் 3 காலையில் அதே கோட்டை ஆலயத்தில் கல்கத்தா பிஷப் ரெஜினால்டு ஹீபர் தமிழ்க் கிறித்தவர்களுக்குத் திடப்படுத்தல் கொடுத்து, ஆசீர்வாதத்தைத் தமிழில் சொன்னார். சில மணி நேரத்தில் குளிக்கப் போன இடத்தில் இறந்துபோனார். அவர் கடைசியாகப் பொதுவில் சொன்னவற்றில் ஒன்று அந்தத் தமிழ் ஆசீர். நல்லது சொல்லுதல் என்ற பொருளில் லத்தீன் இரண்டு சொற்களைச் சேர்த்து ‘பெனடிக்‌ஷன்’ ஆக்கியது. ஆசி என்பதோடு வாதத்தை, அதாவது சொல்லுதலை, சேர்த்து ஆசீர்வாதம் ஆக்கியது வடமொழி. சொன்னால்தான் ஆசி. மனத்துக்குள் நினைத்துக்கொண்டால் போதாது.

கத்தோலிக்கர் பக்கம் நிலைமை வேறு. வீட்டிலும் தெருவிலும் செபமெல்லாம் தமிழ். பீடத்தில் லத்தீன். 1883-இல் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு வந்த புனித வளனார் கல்லூரியில் சேசு சபையார் லத்தீனும் கற்பித்தார்கள். குருமட மாணவர்களுக்கு அது பாடமொழி. கோயிலில் குருவானவர் பீடத்தைப் பார்த்து நின்று “ஓரேமுஸ்” என்பார். பூசைக்கு உதவும் பையன்கள் பொருள் தெரியாமலே லத்தீன் பதில்களை நெட்டுருப் போட்டுச் சொன்னார்கள். பின்னால் இருந்தவர்கள் அந்த நேரத்தில் தங்கள் பாட்டுக்குச் செபமாலை சொல்லிக்கொண்டிருப்பார்கள். லத்தீனின் ஓசைக்கு ஒரு கம்பீரம் உண்டு. அந்தக் காலத்துப் பாட்டுப் பூசையைக் கேட்டு வளர்ந்த பெரியவர்கள் இன்றும் அதை ஏக்கத்தோடு சொல்கிறார்கள். அந்த ஏக்கத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ரோமிலேயே முதலில் வழிபாடு கிரேக்கத்தில்தான் நடந்தது. மக்களுக்குப் புரியவில்லை என்பதால், நான்காம் நூற்றாண்டு முடிவதற்குள் அது லத்தீனுக்கு மாறியது. லத்தீன் பீடம் ஏறியதே அது சந்தைமொழி என்பதால்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாடு பற்றிய தன் கொள்கைத் திரட்டை 1963 டிசம்பர் 4-இல் வெளியிட்டது. அடுத்த சில ஆண்டுகளில் பீடம் மக்களை நோக்கித் திரும்பியது, தமிழ் பீடமேறியது. ‘ஓரேமுஸ்’ என்ற இடத்துக்கு எந்தத் தமிழ்ச் சொல்லை வைப்பது? செபிப்போமாக என்பது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இன்று திருப்பலியில் நாம் கேட்பதோ ‘மன்றாடுவோமாக’.

இதைத் தேர்ந்தெடுத்தவர்களை நான் மனமாரப் பாராட்டுகிறேன். செபம் வாய்க்குள் முணுமுணுப்பது, ஒருவர் தனியாகச் செய்யக் கூடியது. மன்றாடுவது அப்படியில்லை. வழக்காடு, வாதாடு, போராடு, உரையாடு என்ற வரிசையில் நிற்கும் சொல் அது. மன்றில் நின்று தன் பக்கத்தைச் சொல்லுதல். ரோமானியனின் மன்றத்தில் ஓராரே எதைக் குறித்ததோ, அதையே நம் ஊர் மன்றத்தில் இது குறித்தது. பொருள் ஒத்த சொல் எந்த மொழியிலும் கிடைத்துவிடும். பிறந்த இடமும் நடந்த வழியும் ஒத்த சொல் கிடைப்பது அபூர்வம். சிசரோவின் ஓராத்தியோவும் தெர்த்தூலியனின் ஓராத்தியோவும் சேர்ந்து ஒரே தமிழ்ச் சொல்லுக்குள் வந்து அமர்ந்திருக்கின்றன.

அந்தச் சங்கம் இன்னொன்றும் செய்தது. தொடக்ககாலப் பூசையில் மறையுரைக்குப் பின் மக்கள் தங்கள் தேவைகளைச் சொல்லும் பகுதி ஒன்று இருந்தது. ஆறாம் நூற்றாண்டை ஒட்டி அது உரோமை வழிபாட்டில் மறைந்து, பெரிய வெள்ளிக்கிழமைச் சடங்கில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை ஞாயிறு பூசைக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள். தமிழில் அதற்கு விசுவாசிகள் மன்றாட்டு என்று பெயர். குருவானவர் அதைத் தொடங்கி முடித்துவைப்பார். நடுவில் பேசுவது சபை. மழைக்காக, தேர்வு எழுதும் பிள்ளைகளுக்காக, வேலையில்லாதவர்களுக்காக, ஆட்சியில் இருப்பவர்களுக்கு நல்ல புத்திக்காக என்று ஒருவர் மாற்றி ஒருவர் மைக்குக்கு முன் வந்து படிக்கிறார்கள். கூட்டம் பதில் சொல்கிறது. ஆயிரத்துச் சொச்சம் ஆண்டு வாய் மூடியிருந்தவர்களுக்கு வாய் வந்தது என்பது வழிபாட்டு விதி மாற்றத்தைவிடப் பெரிய சங்கதி.

தமிழ் பீடமேறிய அதே சமயத்தில்தான் திருவெறும்பூர்ச் சரளைக்காட்டில் பாய்லர் ஆலை எழுந்துகொண்டிருந்தது. வேலைக்கு மலையாளிகளும் தெலுங்கர்களும் வடக்கத்தியர்களும் வந்தார்கள். அவரவர் சாமியும் அவரவர் மொழியும் கூட வந்தன. கைலாசபுரம் குடியிருப்பின் கதையை அடுத்த பகுதியில் எடுப்போம்.

(தொடரும்)